ஜீப் நின்ற வாசல்

டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் ஒருவன் பயிற்சிக்குப் போகிறான் என்றால் விருதுநகரில் யாரும் நம்ப மாட்டார்கள். பட்டம் போலியாக இருக்கும், அல்லது வேலை போயிருக்கும் என்பார்கள். என் மனைவி மூன்றாவதாக ஒரு காரணம் வைத்திருந்தாள். வீட்டில் இருந்தால் வெங்காயம் உரிக்கச் சொல்லுவேன் என்று பயந்து ஓடுகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். கல்லூரியில் புள்ளியியல் வாத்தியாராக இருந்த நான், நாற்பது தாண்டி நரையும் கண்ட பிறகு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு, ஒரு வட்டாரத்தில் புற்றுநோய் யாருக்கு வருகிறது, யாருக்கு வருவதில்லை, ஏன் என்று ஆராய்கிற குழுவில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி ஆய்வாளர், என்ற பெயரில் சேர்ந்தேன். மளிகைக்கடை அண்ணாச்சி, "அதுல பாஸ் மார்க்கு எம்புட்டு?" என்று கேட்டார். பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது என்றேன். "அப்ப எப்ப வெளிய விடுவாக?" என்றார்.

எங்களைப் பயிற்றுவித்தவர் என்னைவிட வயதில் சின்னவர். மேடம் என்றுதான் கூப்பிட்டோம். இங்கும் அதுவே போதும். பெயரைப் போட்டால், "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று ஒரே ஒரு வரி அனுப்புவார். அந்த ஒரு வரியை நான் இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண். வெளிநாட்டில் பல வருடம் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தவர். ஆனால் அந்த நாடு அவர் பேச்சில் ஒரு சொட்டுக்கூட ஒட்டியிருக்கவில்லை. பருத்திச் சேலை, காலில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற ஷூ, தோளில் துணிப்பை, பைக்குள் சாத்தூர் சேவுப் பொட்டலம். ஜீப்பைத் தானே ஓட்டுவார். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த என்னை இரண்டாம் நாளே பின்சீட்டுக்கு மாற்றிவிட்டார். நான் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவது அவருக்குத் தொந்தரவாக இருக்கிறதாம்.

சிவகாசிச் சாலையில் ஒரு காலண்டர் அச்சகத்தின் மாடியில் எங்கள் அலுவலகம். முதல் நாள் பெரிய சொற்பொழிவை எதிர்பார்த்து நானும் ஜெயந்தியும் உட்கார்ந்திருந்தோம். ஜெயந்தி சாத்தூர்க்காரி, பல் டாக்டர், என்னைப் போலவே முனைவர் பட்டத்துக்குப் பிறகு வந்து மாட்டிக்கொண்டவள். மேடம் பலகையில் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே, நோய் வந்தவர்கள். கோட்டுக்குக் கீழே, அவர்கள் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தார்களோ அந்தக் கூட்டம் முழுக்க.

"மேல இருக்கிற எண்ணை யாரு வேணும்னாலும் எண்ணலாம். ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னாப் போதும். கீழ இருக்கிற எண்ணுக்குத்தான் சார் நமக்குச் சம்பளம்."

இத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் பின்னம் நடத்தியவன் நான். எனக்கே பின்னமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு புரட்டாசி வரைக்கும் நீடித்தது.

மேடத்துக்கு ஒரு வியாதி உண்டு. வியாதி என்று சொல்லக் கூடாது, ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் வந்திருப்பவர்களை அவர் பார்க்க மாட்டார். வராதவர்களைத்தான் பார்ப்பார். ஜெயந்தியின் சித்தி மகள் கல்யாணத்துக்கு சாத்தூர் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "பொண்ணோட அப்பா பக்கத்துல ஒரு குடும்பமே வரலையே, யாரு?" என்று சாதாரணமாகக் கேட்டார். பரிமாறிக்கொண்டிருந்த சித்திக்கு முகம் மாறிவிட்டது. பங்காளிகளுக்குள் பல வருடச் சண்டையாம். மூடி வைத்திருந்ததை யாரோ வெளியூர் அம்மா வந்து திறந்துவிட்டார்கள் என்று சமையல்கட்டு வரை பேச்சு. மேடம் பாயசத்தை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

களத்திலும் இதேதான். கிட்டத்தட்ட எல்லா வீடும் முடிஞ்சிருச்சு மேடம் என்று சொன்னால், "கிட்டத்தட்டன்னா யாரு?" என்பார். பூட்டியிருந்த வீடு, வெளியூர் போன வீடு, நாய் குரைத்ததால் நான் போகாமல் விட்ட வீடு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நாய் வீட்டைச் சொல்லும்போது மட்டும் நான் குரலைத் தாழ்த்துவேன். அடுத்த நாள் அந்த வீட்டுக்கு அவரே போவார். நாய் அவரை ஒன்றும் செய்யாது. அது எனக்கு மேலும் அவமானம்.

ஏன் மேடம் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "கணக்குக்காகத்தான் சார்" என்றார். நான் பாதிதான் நம்பினேன். கணக்குக்காக ஒருவர் இவ்வளவு வேகமாக நடக்க மாட்டார்.

ஒரு நாள் எங்கள் இரண்டு பேரையும் விருதுநகர் பஜாருக்கு அனுப்பினார். முன்பின் தெரியாதவர்களிடம் போய், இன்ன ஆராய்ச்சி, உங்கள் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். சம்மதம் வாங்கி வரச் சொல்லவில்லை. மறுப்பு வாங்கிவரச் சொன்னார். எனக்கு வாய்த்தவர் ஒரு மிளகாய் வத்தல் வியாபாரி. "என் வாய்க்குள்ள என் வீட்டுக்காரியே எட்டிப் பாத்ததில்ல. நீங்க யாருங்க?" என்றார் மரியாதையாக. நான் விடவில்லை. ஆராய்ச்சியின் அருமையை விளக்கினேன். அவர் ஸ்டூல் போட்டார். வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே மேலும் விளக்கினேன். கடைசியில் அவர், "இம்புட்டுத் தும்முறீக, நீங்க மொதல்ல ஒரு டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவைத்தார். கிட்டத்தட்ட மசிந்துவிட்டார் என்று பெருமையாக மேடத்திடம் வந்து சொன்னேன்.

"அவர் முதல்ல வேண்டாம்னு சொன்னதுமே நீங்க எந்திரிச்சிருக்கணும் சார். வேண்டாம்ங்கிறதும் ஒரு பதில்தான். அதை வாங்கிட்டு வரத்தான் அனுப்பினேன்." பிறகு, "வேண்டாம்னு சொன்னவங்களை விட்டுரணும். சொல்லாதவங்களைத்தான் விடக் கூடாது" என்றார்.

இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அப்போது எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியவில்லை.

புரட்டாசி வந்தது. பட்டாசுக் கம்பெனிகளில் தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. ஆமத்தூர்ப் பக்கத்தில் ஒரு ஊரை எங்களிடம் விட்டுவிட்டு, நீங்களே போய்ப் பாருங்கள் என்றார் மேடம். நாங்கள் காலை பதினோரு மணிவாக்கில் போய்க் கதவைத் தட்ட ஆரம்பித்தோம். முதல் வீட்டில் மார்பில் கட்டி. இரண்டாவது வீட்டில் தீராத இருமல். அடுத்த வீட்டில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டுப் படுத்திருக்கிற அக்கா. அதற்கடுத்து, சாப்பிட முடியாமல் மெலிந்துபோன பெரியவர். திறந்த கதவுக்குப் பின்னால் எல்லாம் நோய். மூன்றாம் நாள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒரு ஊரே அழிந்துகொண்டிருக்கிறது, உலகத்தில் அதைக் கண்டுபிடித்தவன் நான்.

வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் ஊரின் படத்தை விரித்து, நோயுள்ள வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். மனைவி பார்த்துவிட்டு, கோலம் போட மார்கழிக்கு இன்னும் நாள் கிடக்கே என்றாள். அன்று ராத்திரி என் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் தட்டுப்பட்டது. ஸ்கூட்டரை மச்சானுக்குக் கொடுத்துவிடலாம், புத்தகங்களைக் கல்லூரிக்குக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்துவிட்டுத்தான் தூங்கினேன். காலையில் ஜெயந்தி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உடைஞ்ச பல்லு கீறியிருக்கு சார்" என்றாள். வேறொன்றும் இல்லையா என்றேன். இல்லை என்றாள். நல்லாப் பாரும்மா என்றேன். அவள் டார்ச்சை அணைத்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

படத்தை மேடத்தின் மேசையில் விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டாசு மருந்துதான் காரணம், உடனே கலெக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் சேவுப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"சார், இப்ப மணி பதினொண்ணு. உங்க வீட்டைத் தட்டினா யாரு கதவைத் திறப்பாங்க?"

மனைவி பள்ளிக்கூடத்தில் இருப்பாள், பையன் மதுரையில் இருக்கிறான், மாமியார்தான் இருப்பார், அதுவும் மூட்டுவலியில் மெதுவாகத்தான் வந்து திறப்பார் என்றேன்.

"அப்ப உங்க வீட்டுல நூத்துக்கு நூறு மூட்டுவலி."

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சீசனில் நடமாட முடிந்த அத்தனை பேரும் விடியும்போதே கம்பெனி வேனில் ஏறிப் போயிருக்கிறார்கள். முடியாதவர்கள்தான் வீட்டில் இருக்கிறார்கள். நாங்கள் நோயாளிகளின் கதவுகளை மட்டும் தட்டிவிட்டு, ஊருக்கே நோய் என்று வந்து நிற்கிறோம். கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய கூட்டம் முழுக்க, சரவெடி பின்னிக்கொண்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. இது முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா தலையை ஆட்டியிருப்பீங்க."

அது உண்மைதான். ஆனால் அன்று எனக்கு அவர் மேல் முதல் தடவையாக லேசாக ஒரு பயம் வந்தது. நான் மூன்று ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்ததைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே அவர் வைத்திருந்தார்.

அதன் பிறகு சாயங்காலம் போனோம். வேன்கள் வந்து ஆட்களை இறக்கிவிடும் நேரம். கையில், நகக்கண்ணில் எல்லாம் அலுமினியப் பொடியின் சாம்பல் பளபளப்போடு பெண்கள் இறங்குவார்கள். அப்படி இறங்கிய ஒருவர்தான் நாகலட்சுமி. பெயரை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சரம் பின்னுகிறவர். கம்பெனிக்குள் தீக்குச்சி வாடையே ஆகாது என்பதால் பீடியோ எதுவோ நினைத்துப் பார்க்க முடியாது. மருந்து நெடிக்கு வாயில் ஏதாவது கிடக்க வேண்டுமே என்று புகையிலையைக் கன்னத்தில் அடக்கிப் பழகியவர்கள் அங்கே நிறைய. நாகலட்சுமியும் அப்படித்தான். ஜெயந்தி அவர் வாய்க்குள் டார்ச் அடித்தாள். என் நாக்கைப் பார்த்ததைப் போலச் சட்டென்று எடுக்கவில்லை. வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது.

மதுரைக்குப் போய்ச் சதை கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும், இப்போதே போனால் சின்ன வேலையாக முடிந்துவிடும் என்று ஜெயந்தி பொறுமையாக எடுத்துச் சொன்னாள். நாகலட்சுமி கேட்டுக்கொண்டார். காப்பி போடட்டுமா என்றார். பிறகு, "சீசன் முடியட்டும்மா, வாரேன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பந்தியில் கூப்பிட்டாலும், கடனுக்குக் கூப்பிட்டாலும், ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும், வாரேன்தான். அந்த வாரேனில் வருகிறவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. சொன்னவருக்கே சில சமயம் தெரியாது. மேடத்துக்கு இது தெரியாதா? அந்த மண்ணில் பிறந்தவர்தானே. ஆனாலும், அடுத்த வாரம் நாகலட்சுமி வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தியபோது, "அவங்க வேண்டாம்னு சொல்லவே இல்லையே சார்" என்றார்.

அதற்கடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும். உள்ளே போய் உட்காருவார். ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்க மாட்டார். "சாப்பிட்டீகளாக்கா?" என்பார், மகளின் படிப்பைக் கேட்பார், தண்ணீர் குடிப்பார், எழுந்து வந்துவிடுவார். அது போதும் என்று நினைத்தார். மற்ற ஊர்களும் வீடுகளும் எங்களுக்கு இருந்தன. அவருக்கு அந்த ஒரு வீடு மட்டும்தான் பூட்டியிருந்த மாதிரி.

தொந்தரவு எங்கே என்றால், அந்தத் தெருவில் ஜீப் திரும்ப இடம் கிடையாது. நாகலட்சுமி வாசலில்தான் நிற்க வேண்டும். ஜீப்பின் இரண்டு பக்கமும் புற்றுநோய் ஆராய்ச்சி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அதை மறைக்கலாம் என்று யோசனை சொன்ன அறிவாளி நான்தான். கீழே அச்சகத்தில் வாங்கிய முருகன் காலண்டர் தாள் இரண்டை எழுத்தின் மேல் ஒட்டினேன். அடுத்த முறை ஊருக்குள் போனதும் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றிக்கொண்டு, "இது அந்தக் கேன்சர் வண்டிதானே?" என்று கேட்டார்.

தீபாவளி முடிந்தது. கம்பெனிகளுக்குக் கொஞ்ச நாள் விடுமுறை. இப்போது வருவார் என்று மேடம் காத்திருந்தார். வரவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் நாகலட்சுமி வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. ஒரு சாயங்காலம் ஊர் எல்லையில், பஸ் நிற்கும் இடத்தில், அவரே எங்களை மறித்தார். ஜீப்புக்குப் பக்கத்தில் வராமல் கொஞ்சம் தள்ளி, யாரோ வழி கேட்பதைப் போல நின்றுகொண்டு பேசினார்.

"மகளைப் பாக்க சாத்தூர்ல இருந்து வாராக மேடம். ஒங்க வண்டி என் வாசல்ல நிக்கிறதைப் பாத்தாகன்னா அப்படியே திரும்பிப் போயிருவாக. தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும்னு பேசுவாக. ஒங்களைக் கும்புட்டுக் கேக்கேன்."

மேடம் அன்று ராத்திரி முழுக்க யோசித்திருப்பார் போல. காலையில் கண் சிவந்து, ஆனால் உற்சாகமாக வந்தார். ஒரு வீட்டு வாசலில் மட்டும் வண்டி நின்றால்தானே பேசுவார்கள்? எல்லா வாசலிலும் நின்றால் எந்த வாசலையும் பேச முடியாதே! எங்கள் தொழிலில் இது நல்ல யுக்தி. யார் யார் என்று பிரித்துத் தெரியாதபடி எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்துவிடுவது. நானும் ஜெயந்தியும் கை தட்டாத குறை. அந்த வாரம் முழுக்கத் தெருவின் ஒவ்வொரு வாசலிலும் ஜீப்பை நிறுத்தினோம். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்தோம், தண்ணீர் குடித்தோம். என் வயிறு ஒரு பானை ஆயிற்று.

கார்த்திகையில் தெருவின் பெரியவர்கள் நாலைந்து பேர் ஜீப்பை மறித்தார்கள். என்னைத்தான் முதலில் அடிப்பார்கள் என்று எனக்கு ஏனோ உறுதியாகத் தோன்றியது. பின்சீட்டில் குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினேன். நான் அன்று போட்டிருந்தது செருப்பு. ஆனால் அவர்கள் அடிக்க வரவில்லை. கோபத்தைவிடக் கலக்கம்தான் அவர்களிடம் இருந்தது. அவர்களில் ஒருவர் இறங்கிய குரலில் சொன்னார்:

"மொதல்ல ஒரு வீட்டைச் சொன்னாக. இப்ப தெருவையே சொல்லுதாக. சுத்துப்பட்டியில எங்க புள்ளைகளைக் கேட்டு யாரும் வர மாட்டேங்காக. நீங்க நல்லதுதான் செய்ய வாரீக. எங்களுக்கும் தெரியும். ஆனா இனி வராதீக மேடம்."

மேடம் இறங்கி நின்று கேட்டார். தப்பு எங்களோடதுதான், மன்னிச்சிருங்க என்றார். வண்டியைப் பின்னாலேயே எடுத்து, தெருக்கோடி வரை திரும்பாமல் ஓட்டிக்கொண்டு வந்தார். முருகன் தாள் ஒரு பக்கம் பிய்ந்து படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

அதன் பிறகு அவர் பாடம் நடத்தினார், எங்கள் கட்டுரைகளைத் திருத்தினார், வேறு ஊர்களுக்கு வண்டி ஓட்டினார். எல்லாம் முன்போலத்தான். ஆனால் ஆமத்தூருக்குச் சாலை பிரிகிற விலக்கு வரும்போதெல்லாம் ஜீப்பின் வேகம் குறையும். குறைகிறது என்று தெரிந்ததும் அவரே திடுக்கிட்டு அழுத்துவார். சேவுப் பொட்டலம் பைக்குள்ளேயே நமுத்துப்போனது. ஜெயந்தி ஒருநாள் என்னிடம், நாகலட்சுமி வாய்க்குள் அந்த இடம் வெள்ளையாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை சார், கெட்டியாக இருந்தது என்றாள். இதை மேடத்திடம் சொன்னாயா என்றேன். முதல் நாளே சொன்னேன், அதனால்தான் அப்படி ஓடினார் என்றாள்.

பங்குனியில் ஒரு நாள் நாகலட்சுமி மாடிப்படி ஏறி வந்தார். சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடியிருந்தார். மேடம் எழுந்தே நின்றுவிட்டார். நாற்காலியைக் காட்டியும் நாகலட்சுமி உடனே உட்காரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு தலைப்பைக் கொஞ்சம் இறக்கினார். ஒரு பக்கத்துத் தாடை உள்வாங்கியிருந்தது. பேச்சு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. மகளுக்குத் தை மாதம் நிச்சயம் முடிந்ததாம். சாத்தூர்க்காரர்கள்தானாம். நிச்சயம் முடிந்த மறுநாளே, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நாத்தனாரோடு மதுரைக்குப் பஸ் ஏறியிருக்கிறார். தாடையில் கொஞ்சம் எடுக்க வேண்டியதாகிவிட்டது. இனி வராது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்களாம். இதையெல்லாம் யாருடைய கதையையோ சொல்வதைப் போலச் சொன்னார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன் மேடம். சீசன் முடிஞ்சதும் ஒருத்தருக்கும் தெரியாம மதுரை போய்ட்டு வந்துரணும்னு நெனச்சிருந்தேன். நெசமாத்தான் நெனச்சேன். நீங்க வண்டியைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துன பெறவு, நான் எங்க பஸ் ஏறுனாலும் ஊர் பாக்கும்னு ஆயிப்போச்சு. பயந்துபோய் உக்காந்துட்டேன். நீங்க வராம இருந்திருந்தா, நான் அப்பவே போயிருப்பேன்ல?"

எனக்குப் பதில் தெரியும். நான் புள்ளியியல் வாத்தியார். ஒருவர் விஷயத்தில் இப்படி நடந்திருந்தால் அப்படி ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். இதை மூன்று விதமாக, வலிக்காமல், ஒரு சின்ன நகைச்சுவையும் சேர்த்து என்னால் சொல்ல முடியும். வாயைத் திறந்தேன். மேடம் என் பக்கம் பார்க்காமலே கையைச் சற்று உயர்த்தினார். வாயை மூடிக்கொண்டேன்.

"ஆமாக்கா," என்றார். "என்னாலதான் தாமசமாச்சு."

நாகலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகையோ கோபமோ வரும் என்று நான் மேசைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கத் தயாராக இருந்தேன். ஒன்றும் வரவில்லை. தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லிட்டீகள்ல. போதும்." எழுந்துகொண்டே, "எங்கூட சரம் பின்னுதவ ஒருத்தி இருக்கா. அடுத்த தெரு. அவ வாயும் அப்படித்தான் இருக்கு. யாருன்னு கேக்காதீக. நீங்க யாரும் அங்கன வராதீக. நானே கூட்டியாரேன்" என்றார்.

எப்பக்கா என்று மேடம் கேட்டார். கூட்டியாரேன் என்று மறுபடி சொல்லிவிட்டு நாகலட்சுமி படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.

அவர் தெரு திரும்பும் வரை மேடம் ஜன்னலோரம் நின்று பார்த்தார். பிறகு பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதை நீங்க வச்சுக்கோங்க சார். ஆமத்தூர்ப் பக்கம் போக நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

யாரிடம் கொடுக்கிறார் பாருங்கள். அவர் தொண்டையைச் செருமினாலே கைக்குட்டையைத் தேடுகிறவன் நான். மறுநாள் காலையிலேயே கேட்டார். "சார், சாவி" என்று தண்ணீர் கேட்பதைப் போலச் சாதாரணமாகக் கையை நீட்டினார். எங்கே போகணும் மேடம் என்றேன். கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சட்டைப்பையை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். புரட்டாசியில் வந்த நாக்குப் புண்கூட மறுபடி எரிவது போல் இருந்தது. நீட்டிய கை அப்படியே இருந்தது. பிறகு மெல்ல மடங்கியது. போய் உட்கார்ந்துகொண்டார். ஜெயந்தி தன் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் யாரும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. வேறு ஊர்களுக்குப் போகும்போது சாவியைக் கொடுப்பேன், திரும்பி வந்ததும் மறக்காமல் வாங்கிக்கொள்வேன். வாங்கும் ஒவ்வொரு முறையும் அவர் சாவியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துவிட்டுத்தான் விடுவார். இன்னொரு வாய், அதற்குள் கெட்டியாகிக்கொண்டிருக்கிற ஒரு இடம், ஆமத்தூர் விலக்கிலிருந்து கூப்பிடு தூரம். போகக் கூடாது.

விருதுநகர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழா கழிந்து சில நாள் ஆன ஒரு காலையில், படியில் ஆள் ஏறும் சத்தம் கேட்டது. ஒருவர் இல்லை, இரண்டு பேர். நடுவில் ஒரு முறை சத்தம் நின்றது. தாழ்ந்த குரலில் யாரோ யாரையோ சமாதானப்படுத்துவது கேட்டது. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமல் இருப்பதற்காக நாற்காலியின் கைகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.